உலைமேல் இருந்த குவளை

விடிந்ததிலிருந்தே காற்று நிற்கவில்லை. ஜல்லிக்குழியைச் சுற்றியிருந்த முள்கம்பி வேலி ஊளையிட்டுக்கொண்டே இருந்தது. மொன்டானாவின் கிழக்கு மூலையில் காற்று ஒரு செய்தியே இல்லை. ஆனாலும் இன்றைக்குப் பார்த்தா இப்படி வீச வேண்டும் என்று லெனோரா ஹாஃப்ஸ்டாட்டுக்கு எரிச்சலாக வந்தது. பிக்கப் வண்டியிலிருந்து அவள் இறக்கிய வெள்ளைக் கட்டில் விரிப்பை மரச்சட்டத்தில் மாட்டுவதற்குள் காற்று அதைப் பிடுங்கி அவள் முகத்திலேயே அறைந்தது.

"அத விட்டுத் தள்ளுங்க லெனோரா," என்றார் ஷெரீஃப் பெக். கையில் காப்பி, தலையில் தொப்பி, தொப்பியின்மேல் ஒரு கை. "வசந்தத்துல வந்தப்பவே பாத்தாச்சு. விரிப்புல ஒரு கீறல் இல்ல. எத்தன தடவதான் துணி காயப்போடுவீங்க?"

அவருக்குப் பின்னால் நின்ற துணை ஷெரீஃப்கள் சிரித்தார்கள். அவர்களில் ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. அவள் லெனோராவின் மகள் சிக்னி. அம்மா வந்து நிற்கும் இடத்தில் வேலை பார்ப்பது எந்த மகளுக்குமே சங்கடம்தான். அந்த அம்மா கையில் வீட்டு விரிப்போடு காற்றில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தால் கேட்கவே வேண்டாம்.

அந்த விரிப்புக்கு ஒரு கதை உண்டு. லெனோராவும் டெல்மரும் விவாகரத்து வாங்கியபோது வீட்டை, மாட்டை, படகைக்கூட சண்டை போட்டுப் பிரித்துக்கொண்டார்கள். கல்யாணத்துக்கு வந்த இந்த விரிப்பு மட்டும் இரண்டு பேருக்கும் வேண்டாததாக இருந்தது. பிரிக்க முடியாமல் போனது இன்னொன்றும் உண்டு, தோட்டாப் பட்டறை. அதன் அச்சு இயந்திரங்கள் டெல்மருக்கு அத்துப்படி. எந்தத் தூளை எவ்வளவு சேர்ப்பது, எவ்வளவு வேக வைப்பது, எந்தக் குண்டு தேறும், எது தேறாது என்று சொல்கிற மூளை லெனோராவுடையது. ஆகவே புருஷன் பெண்டாட்டி உறவை வெட்டிவிட்டுப் பட்டறையில் கூட்டாளிகளாகவே இருந்தார்கள். விரிப்பும் பட்டறைக்கு வந்து சேர்ந்தது.

அவர்கள் செய்வது நொறுங்குகிற குண்டு. ஈயம் கிடையாது. செம்புத் தூளையும் வெள்ளீயத் தூளையும் அச்சில் அழுத்தி, தட்டில் அடுக்கி, உலையில் வேக வைத்து எடுப்பார்கள். துப்பாக்கிக்குள் போகும்போது உடையக் கூடாது. குழாயில் சுழன்று வெளியே வரும்போதும் உடையக் கூடாது. எஃகுப் பலகையில் பட்ட மறு நொடி தூளாகிக் கீழே கொட்ட வேண்டும். ஒரே பொருள் கெட்டியாகவும் இருக்க வேண்டும், மாவாகவும் இருக்க வேண்டும் என்றால் அது என்ன லேசுப்பட்ட காரியமா? லெனோராவின் நடுவயசு முழுக்க இதில்தான் போயிற்று. அது தூளாகாவிட்டால் துண்டு வந்த வழியே திரும்பும். சுடுகிறவருக்குப் பக்கத்தில் விரிப்பைக் கட்டுவது அதற்குத்தான். ஒரு துணுக்கு திரும்பினாலும் துணி காட்டிக்கொடுத்துவிடும்.

பெக்கின் ஆட்கள் எஃகுப் பலகைக்கு மிக அருகில் நின்று பழகப்போகிறார்கள். ஒரு சமையலறையின் நீளம்கூட இருக்காது. நாளைக்கு நிஜமாகவே சமையலறையிலோ பள்ளிக்கூடத் தாழ்வாரத்திலோ சுட வேண்டி வந்தால் கை நடுங்கக் கூடாது என்பதற்காக. முதலில் நிற்கப்போவது சிக்னி. இந்தக் கவுண்டியின் போலீஸ் வாங்க ஆரம்பித்தால் பக்கத்துக் கவுண்டிகளும் வாங்கும். வாங்காவிட்டால் குளிர்காலத்துக்குள் பட்டறையை மூட வேண்டியதுதான்.

வசந்தத்தில் நடந்த முதல் பரீட்சையில் மூக்கு உடைபட்டிருந்தது. விரிப்பு என்னவோ சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் துப்பாக்கி தோட்டாவை உள்ளே இழுக்கும்போதே சில குண்டுகள் முனை ஒடிந்துபோயின. பெக் ஒடிந்த முனையை விரலிடுக்கில் வைத்துக்கொண்டு, "இதக் காப்பில தொட்டுச் சாப்பிடலாம் போலருக்கே," என்று எல்லோர் எதிரிலும் சொன்னார். அன்றைக்குச் சிக்னியும் அங்கே இருந்தாள். லெனோராவுக்கு அந்தச் சிரிப்பு இன்னும் காதில் கேட்கிறது.

அதற்குப் பிறகு வேகவைக்கும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே வந்தாள். நேற்று மாலை புதுத் தட்டிலிருந்து எடுத்த குண்டுகளை வைத்துத் தூரத்துக் காகிதத்தில் சுட்டுப் பார்த்தபோது அவளால் நம்பவே முடியவில்லை. எல்லாம் ஒரே ஓட்டைக்குள் போய் விழுந்தன. ஒரு விரல் நகத்தால் மூடிவிடலாம். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அதைவிடப் பெரிய போதை கிடையாது. இறுக்கமாக விழுந்துவிட்டால் குண்டில் குறையே இல்லை என்று கண்ணை மூடிக்கொண்டு சத்தியம் பண்ணுவார்கள். லெனோராவும் அப்படித்தான் பண்ணினாள். இருட்டிவிட்டது, எஃகில் சுட்டுப் பார்க்காமலே வீட்டுக்குப் போனாள். அந்தக் காகிதத்தை வண்டியின் முன்கண்ணாடிக்குக் கீழே சொருகி வைத்தாள், பெக்கிடம் காட்டலாம் என்று.

"சரி, கட்டல," என்று லெனோரா விரிப்பைச் சுருட்டி வண்டிக்குள் எறிந்தாள்.

டெல்மர் தன் வண்டியில் சாய்ந்தபடி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த வாரம் இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. காரணம் கேட்டால் சிரிப்பு வரும். சிக்னியின் பிறந்தநாளுக்கு யார் கேக் வாங்குவது என்பதில் ஆரம்பித்தது. பேச்சு இல்லாத வாரங்களில் லெனோரா காலையில் பட்டறைக்கு வருவாள், டெல்மர் சாயங்காலம் வருவார். பட்டறை மட்டும் ஓடும்.

*

முதலில் தூரத்தில் சுட்டுத் துப்பாக்கிகளின் குறியைச் சரிபார்த்துக்கொண்டார்கள். மண்மேட்டுக்கு முன்னால் காகிதம் நட்டு, வரிசையாகப் படுத்துச் சுட்டார்கள். ஒரு தோட்டாவும் சிக்கவில்லை, ஒரு முனையும் ஒடியவில்லை. பெக் குறிக்காகிதங்களைப் பார்த்துவிட்டுப் புருவத்தை உயர்த்தினார்.

"பரவால்லையே. இந்தத் தடவ காப்பில தொட முடியாது போல."

"நேத்து நான் சுட்டதக் காட்டறேன் இருங்க. மயங்கி விழுந்துடாதீங்க," என்றாள் லெனோரா. மனசு குளிர்ந்திருந்தது.

அப்போதுதான் அது கேட்டது. கடைசி ஆள் சுட்ட குண்டு காகிதத்துக்குக் கீழே, மண்மேட்டின் அடியில் துருத்திக்கொண்டிருந்த பாறையில் பட்டது. உடனே மெல்லிய, நீளமான ஒரு ரீங்காரம் வானத்தில் ஏறிப்போய் அடங்கியது.

லெனோரா மண்மேட்டைத் திரும்பிப் பார்த்தாள். அவளுடைய குண்டு பாடாது. மண்ணில் பட்டாலும் பாறையில் பட்டாலும் அந்த இடத்திலேயே தூளாகிவிடும். முழுசாகத் தெறித்துப் போகிற குண்டுதான் காற்றில் அப்படிப் பாடிக்கொண்டு போகும்.

"ஏதோ சத்தம் கேட்டுச்சுல்ல?" என்றாள் பெக்கிடம்.

"வேலிக் கம்பி. காலைலேருந்து அது ஊளையிட்டுக்கிட்டுத்தான் இருக்கு."

அதுவும் உண்மைதான். வேலி இன்னமும் ஊளையிட்டுக்கொண்டிருந்தது. ஒருவேளை அதுதானோ? கேட்டது அவள் காதா, அவள் பயமா? இப்போது போய் நிறுத்துங்கள் என்று சொன்னால் என்ன ஆகும் என்பது அவளுக்குத் தெரியும். தன் குண்டின்மேல் தனக்கே நம்பிக்கை இல்லாதவளிடம் எவன் வாங்குவான்? வசந்தத்தில் சிரித்தவர்கள் இந்த முறை சிரிக்கக்கூட மாட்டார்கள், வண்டியில் ஏறிப் போய்விடுவார்கள். சிக்னி அதற்கப்புறம் அவளோடு முகம் கொடுத்துப் பேசுவாளா?

ஆட்கள் எஃகுப் பலகையை நோக்கி நடந்தார்கள். சிக்னி துப்பாக்கியில் தோட்டாப் பெட்டியைச் செருகிச் சரிபார்த்தாள். அப்பாவைப் போலவே தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்க்கிற பழக்கம் அவளுக்கு.

ஒரு குண்டைக் குறட்டால் நசுக்கிப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. நல்லது என்றால் கையழுத்தத்துக்கே பொடிந்துவிடும். லெனோரா வண்டிக்கு ஓடினாள். குறடு இருக்கைக்கு அடியில் கிடந்தது. இதே தட்டின் தனிக் குண்டுகள் கொஞ்சம் சட்டைப்பையில் இருந்தன. ஒன்றை வைத்து அழுத்தினாள். உடைந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டாள். கையை விரித்துப் பார்த்தாள். பொடி இல்லை. இரண்டு துண்டுகள், விளிம்பு கூராக.

அது போதுமா? பழைய குண்டுகளும் சில சமயம் அப்படி உடைந்ததுண்டு. ஒன்றை வைத்து என்ன முடிவு பண்ணுவது? நிமிர்ந்தபோது அவள் கண் இருக்கைக்குப் பக்கத்தில் காப்பி வைக்கிற குழியில் போய் நின்றது. அங்கே ஒரு குவளை இருந்தது. கைப்பிடி உடைந்த நீலக் குவளை, அடியில் காய்ந்த காப்பி.

லெனோரா குறட்டைக் கீழே போட்டாள்.

அது உலைக் குவளை. யாரும் அதில் குடிக்க மாட்டார்கள். பேசாத வாரங்களில் அதுதான் அவர்கள் இரண்டு பேருக்கும் வாய். தட்டு வெந்துவிட்டால், வேக வைத்தவர் அந்தக் குவளையை உலையின்மேல் கவிழ்த்து வைத்துவிட்டுப் போக வேண்டும். குவளை கவிழ்ந்திருந்தால் தட்டைத் தொடாதே. இல்லையென்றால் வேக வை. வெந்த குண்டும் வேகாத குண்டும் கண்ணுக்கு அவ்வளவாக வித்தியாசம் தெரியாது, அதனால் வந்த ஏற்பாடு. செவ்வாய்க்கிழமை காலை அவள் தட்டை வேக வைத்தாள், குவளையைக் கவிழ்த்தாள். பிறகு கிளம்பும்போது காப்பிக்குக் கழுவிய குவளை எதுவும் இல்லை. டெல்மர் எல்லாவற்றையும் அழுக்காக்கித் தொட்டியில் போட்டுவிட்டுப் போயிருந்தார். அந்த ஆத்திரத்தில், கை போன போக்கில், உலைமேல் இருந்த குவளையை எடுத்துக் காப்பி ஊற்றிக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டாள். அதற்கப்புறம் குவளை ஞாபகமே வரவில்லை.

சாயங்காலம் டெல்மர் வந்திருப்பார். உலைமேல் குவளையைக் காணோம். வேறென்ன செய்திருப்பார்?

அங்கே சிக்னி கோட்டில் நின்றுவிட்டாள். எல்லோர் காதிலும் கவசம். பெக் கையை உயர்த்தியிருந்தார். இறக்கினால் அவள் சுடுவாள். கத்தினால் காற்றோடு போய்விடும். ஓடினால் எட்டாது. லெனோரா வண்டியின் ஹாரனை உள்ளங்கையால் அமுக்கி அப்படியே பிடித்துக்கொண்டாள். சிக்னி பயந்துபோய் விசையை அழுத்திவிட்டால்?

சிக்னி விரலை விசையிலிருந்து எடுத்துத் துப்பாக்கியைத் தாழ்த்தினாள். எல்லோரும் திரும்பினார்கள்.

*

"என்ன ஆச்சு?" என்று பெக் கவசத்தைக் கழற்றினார்.

லெனோராவுக்கு ஓடிவந்ததில் மூச்சு வாங்கியது. அவள் பெக்கைப் பார்க்கவில்லை, டெல்மரைப் பார்த்தாள். வாரம் முழுக்கப் பேசாத மனிதரிடம் நேராகப் போய் நின்றாள்.

"இந்தத் தட்ட உலைல வெச்சது யாரு?"

"நான்தான். செவ்வாய்க்கெழம சாயங்காலம்," என்றார் டெல்மர். "ஏன்?"

"நான் காலைலயே வெச்சேன்."

டெல்மர் முகத்தில் ஈயாடவில்லை. "குவள இல்லையே," என்றார்.

"இல்லதான். நான்தான் எடுத்தேன்."

"என்ன குவள? யாராவது எனக்கும் புரியற மாதிரி சொல்றீங்களா?" என்றார் பெக்.

லெனோரா சொன்னாள். ஒரே ரொட்டியை இரண்டு முறை அடுப்பில் வைத்த மாதிரி ஆகிவிட்டது, கெட்டித்துப்போயிருக்கும், நொறுங்காது, திரும்பி வரும் என்று. சொல்லச் சொல்லத் தன் வாயாலேயே தன் பட்டறைக்குப் பூட்டுப் போடுகிறோம் என்று தெரிந்தது. நிறுத்தவில்லை.

"ஆவட்டுமே," என்றார் டெல்மர் தாழ்ந்த குரலில். "ரெண்டு தடவ வெந்தாலும் எஃகுல பட்டா ஒடஞ்சுதான் ஆவணும். கொஞ்சம் வாய மூடு லெனோரா. இது போச்சுன்னா எல்லாம் போச்சு."

"முன்னால நிக்கறது யாருன்னு பாத்தியா நீ?"

டெல்மர் பார்த்தார்.

சிக்னிக்கு முகம் சிவந்திருந்தது. "அம்மா, போதும். எல்லாரும் பாக்கறாங்க. கண்ணாடி போட்டிருக்கேன், கவசச் சட்ட போட்டிருக்கேன். நான் சுடறேன், முடிஞ்சுது."

"கண்ணாடி கண்ணுக்குத்தான்டி. கழுத்துக்கு?"

"எனக்குப் பயமில்ல."

"எனக்கு இருக்கு," என்றாள் லெனோரா. "அந்த விரிப்பக் கட்டாம ஒருத்தரும் சுட வேணாம். துப்பாக்கியத் தாங்கில பூட்டுவோம். விசைல கயிறு கட்டி வண்டிக்குப் பின்னால நின்னு இழுப்போம். துணி சுத்தமா இருந்தா நான் எல்லார் முன்னாலயும் மன்னிப்பு கேட்டுக்கறேன். அப்பறம் நீங்க என்ன வேணா சொல்லிச் சிரிச்சுக்கங்க."

பெக் கடிகாரத்தைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், கடைசியில் கையை அசைத்தார். இரண்டு வண்டிகளைக் காற்றுக்கு எதிராகக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். டெல்மர் சட்டத்தின் காலில் மணல்மூட்டை ஏற்றினார். சுடுகிறவர் நிற்கிற இடத்தில் விரிப்பு நின்றது. நடுவில் துப்பாக்கி நீட்ட ஓட்டை. மூலைகளில் மங்கிப்போன மஞ்சள் பூக்கள்.

முதல் தடவை கயிற்றை லெனோரா இழுத்தாள். வெடித்தது. பலகை ஒரு அடி வாங்கிய சத்தம். போய்ப் பார்த்தார்கள். துணியில் ஒன்றும் இல்லை.

இரண்டாவது. ஒன்றும் இல்லை. பலகையின் அடியில் செம்புப் பொடி கொட்டிக் கிடந்தது, அவள் எத்தனையோ வருஷமாக ஆசைப்பட்டது போலவே. பின்னாலிருந்து யாரோ, "துணி தொவைக்கற பரீட்ச நல்லா போகுது," என்றான். சிரிப்பு எழுந்தது.

"போதுமே லெனோரா," என்றார் பெக், கொஞ்சம் இரக்கமாகவே. "உங்க குண்டு நல்லாத்தான் இருக்கு. உங்களுக்குத்தான் நம்பிக்க இல்ல."

டெல்மர், "ஒடையுது, பாத்தல்ல?" என்றார். அவர் குரலில் கெஞ்சல் இருந்தது.

சிக்னி கோட்டை நோக்கி ஓர் அடி வைத்தாள். லெனோரா அவள் முன்கையைப் பிடித்துக்கொண்டாள். சின்ன வயதில் சாலையைக் கடக்கும்போது பிடித்த பிடி.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு. அம்மாவுக்காக இல்ல. துணிக்காக."

"விடு, வலிக்குது."

"வலிக்கட்டும்."

மூன்றாவதை டெல்மர் இழுத்தார். லெனோராவின் கையிலிருந்து கயிற்றை அவராக வாங்கிக்கொண்டார். வெடித்தது. பலகையில் அதே சத்தம். ஆனால் அதோடு இன்னொரு சத்தமும் கேட்டது, துணி கிழிகிற சத்தம். வேலிக் கம்பி என்று இந்த முறை யாரும் சொல்லவில்லை.

முதலில் போனது சிக்னிதான். துப்பாக்கி நீட்டுகிற ஓட்டைக்குச் சற்று மேலே, இடது பக்கமாக, ஒரு நீளக் கிழிசல். காற்று அதன் வழியாக வந்துபோய்க்கொண்டிருந்தது. அவள் விரிப்புக்குப் பின்னால் போய், சுடுகிறவர் நிற்கிற மாதிரி தோளைச் சாய்த்து நின்று பார்த்தாள். கிழிசல் அவள் காதுக்குக் கீழே, கவசச் சட்டையின் கழுத்துக்கு மேலே வந்து நின்றது. அவள் அந்த இடத்தில் கையை வைத்துக்கொண்டாள். எடுக்கவே இல்லை.

துணுக்கைக் கடைசியில் பின்னால் நின்ற வண்டியின் கதவில் கண்டுபிடித்தார்கள். தகட்டைத் துளைத்திருந்தது. பெக் தொப்பியைக் கழற்றினார், அது பறந்துவிடும் என்பதைக்கூட மறந்துபோய்.

"கட்டிக்கிட்டுக் கெளம்புங்க பசங்களா," என்றார் ஆட்களிடம். பிறகு லெனோராவிடம் வந்தார். "என்னால வாங்க முடியாது. புரியும்ல உங்களுக்கு?"

"புரியும்."

"விரிப்பு வேணாம்னு சொன்னது நான்தான்," என்றார். தொப்பியைத் தலையில் அழுத்திக்கொண்டு வண்டிக்குப் போனார்.

வண்டிகள் ஒவ்வொன்றாகப் புழுதி கிளப்பிக்கொண்டு போயின. லெனோரா முன்கண்ணாடிக்குக் கீழே இருந்த காகிதத்தை எடுத்துப் பார்த்தாள். அந்த ஒற்றை ஓட்டை. அவள் வாழ்நாளில் சுட்டதிலேயே இதுதான் அழகு. கசக்கிப் போட்டாள். அழுகை வந்தது, அடக்கிக்கொள்ளவில்லை.

டெல்மர் விரிப்பை அவிழ்த்து மடிக்கப் பார்த்தார். காற்றில் ஒற்றை ஆளால் ஆகவில்லை. லெனோரா போய் இன்னொரு முனையைப் பிடித்தாள். மடித்து நெருங்கும்போது இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமலே இருந்தார்கள்.

சிக்னி அம்மாவின் வண்டிக்குள் குனிந்து அந்த நீலக் குவளையை எடுத்துக்கொண்டு வந்தாள். இன்னொரு கை இன்னமும் கழுத்திலேயே இருந்தது.

"இதானா?" என்றாள்.

"அதான்," என்றார் டெல்மர்.

அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நான் சின்னப் புள்ளையா இருந்தப்போ என்கிட்டச் சொல்லி அனுப்புவீங்க. அப்பாகிட்டப் போய் இதச் சொல்லு, அம்மாகிட்டப் போய் அதச் சொல்லுன்னு. நான் வளந்து போனதும் இதப் புடிச்சீங்களா?"

சிக்னி குவளையை எஃகுப் பலகையின் காலடியில், செம்புப் பொடியின்மேல் வைத்துவிட்டுத் தன் வண்டிக்குப் போனாள். கதவைச் சாத்துவதற்கு முன் திரும்பிப் பார்த்தாள்.

"என் பொறந்தநாளுக்குக் கேக் வேணாம்," என்றாள். "ரெண்டு பேரும் ஒண்ணா வாங்க. ஒரே வண்டில."

அவள் வண்டி வேலியைத் தாண்டி மறைகிறவரை இருவரும் நின்றார்கள். பிறகு லெனோரா மடித்த விரிப்பை மார்போடு அணைத்துக்கொண்டு, காற்றில் கேட்க வேண்டும் என்பதற்காகக் கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள்.

"டெல்மர். இன்னும் ரெண்டு தட்டு மிச்சம் இருக்கு. புதன்கெழம காலைல வெச்சது. ஒரு தடவதான் வெந்துது. நான்தான் வெச்சேன்."

டெல்மர் தலையைச் சாய்த்து அவளைப் பார்த்தார்.

"இல்ல," என்றார் மெதுவாக. "அன்னைக்கும் உலைமேல குவள இல்ல. சாயங்காலம் அதையும் நான் வெச்சேன்."